சல்லடை இல்லாத கெண்டி

கோட்டைமேடு, கோவை
8.7.2024

அன்புத் தங்கச்சி இஸ்மத்துக்கு அண்ணன் கரீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்லை. அங்கே நீ, மாப்பிள்ளை தாரிக், யுஸ்ரா கண்ணு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்காதே. போன வியாழன் மாப்பிள்ளையைப் பார்க்க வராததற்குக் கடையில் கல்யாண ஆர்டர் என்று யுஸ்ராவிடம் போனில் சொன்னேனே, அது பொய். கிளம்பி வந்தேன். உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் பொள்ளாச்சி. சரி, திரும்புகாலில் கிணத்துக்கடவில் இறங்கிக்கொள்ளலாம் என்று அதே பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டேன். கண்ணைத் திறந்தால் உக்கடம். அதே கண்டக்டர் எதிரே நின்றுகொண்டு, "ஏனுங்க பாய், உங்க ஊடு பஸ்ஸுக்குள்ளயேங்களா?" என்கிறான். ஐம்பத்து மூன்று வயதுக்கு இதைவிட மரியாதை எங்கே கிடைக்கும்?

வீடியோவில் பேசலாம் என்றால் என் தாடிக்குள் உதடு தெரியவில்லை என்கிறாய். போனில் எழுத்தாகத் தட்டலாம் என்றால் உங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே போன், அது யுஸ்ரா கையில். ஆகவே காது போன நீ, அஞ்சாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள். வாடகைக் கடைக்குத் தட்டு, கோப்பை கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். அங்கே ஒரு சீனாக் கெண்டி. வெள்ளைப் பீங்கான், மேலே ரோஸ் நிறத்தில் பெரிய பூக்கள், பச்சை இலை, இரண்டு பட்டாம்பூச்சி. தடவினால் வர்ணம் மேடாகக் கையில் தட்டுப்படுகிறது, மருதாணி காய்ந்த கை மாதிரி. கழுத்து நீளம், இடுப்பு பெருசு, மூக்கு கொக்கு மாதிரி வளைந்து நிற்கிறது. மூக்கு ஒடியாமல் இருக்கக் கழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்னப் பாலம்கூடப் போட்டிருக்கிறான். கூடவே அஞ்சு கிண்ணம். ஒரு ஆள் டீ குடிக்க அஞ்சும் வேண்டும், அவ்வளவு சின்னது.

வாட்ச்மேன் வேலன் இந்தக் கெண்டியைப் பற்றி ஒரு சேதி சொன்னார். அது மாப்பிள்ளைக்கு மட்டும். ஒரு கிண்ணத்துக்குள் மடித்த சீட்டாக இருக்கிறது, பிரிக்காமல் அவர் கையில் கொடு அம்மணி. படித்தால் சிரிப்பார்.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சி அண்ணன்
கரீம்

கிணத்துக்கடவு
17.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு இஸ்மத் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். முட்டிக்கு எண்ணெய் போடுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே குடியிருங்கள்.

கெண்டி ஓர் உடைசல் இல்லாமல் வந்தது. யுஸ்ரா அந்தப் பட்டாம்பூச்சியை நூறு போட்டோ எடுத்தாள். சீட்டைப் பிரிக்காமல்தான் கொடுத்தேன். உங்கள் மாப்பிள்ளை படித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் கட்டில் ஆடியது. இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து "சீட்டு எங்கீங்க?" என்று கேட்டேன், கையை விரித்துவிட்டார்.

அண்ணா, அவர் நன்றாக இல்லை. வயிறு வீங்கியிருக்கிறது, கண் மஞ்சளாக இருக்கிறது. ஒரு பீடிகூடப் பிடிக்காத மனுஷனுக்கு ஈரல் எப்படிச் சுருங்கும்? வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றால் ஆஸ்பத்திரி பைலைக் காணோம். பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்கிறார். நம் குடும்பத்து ஆண்களை எல்லாம் அந்தப் பஸ் என்னதான் செய்கிறது?

பள்ளிவாசல் கலீல் ரஹ்மான் ஹஜ்ரத்திடம் பீங்கான் எழுதி வாங்கினேன். குங்குமப்பூவைப் பன்னீரில் குழைத்து வெள்ளைத் தட்டில் குர்ஆன் ஆயத்து எழுதித் தந்தார். அதைத் தண்ணீரில் கழுவி நாற்பது நாள் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தட்டின் தண்ணீரும் மூன்று நாளுக்கு வரும். எதில் வைப்பது என்று பார்த்தேன். படுத்தபடியே குடிக்க உங்கள் கெண்டி மாதிரி எதுவும் இல்லை. மூக்கை உதட்டில் வைத்துச் சாய்த்தால் போதும், ஒரு சொட்டு சிந்தாது. பூப் போட்ட பாத்திரத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைகிறது. எதற்கு என்று தெரியாமலே சரியான சாமானை அனுப்பிவிட்டீர்கள்.

துஆ செய்யுங்கள்.
தங்கை இஸ்மத்

கோட்டைமேடு
26.7.2024

அம்மணி இஸ்மத்துக்கு, ஸலாம். சுகம், சுகமறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு கல்யாணத்தில் நூற்றைம்பது தட்டு போய் நூற்றைம்பத்திரண்டு திரும்பி வந்தது. முப்பது வருஷத் தொழிலில் இப்போதுதான் முதல் தடவையாக எங்களிடம் யாரோ தட்டைத் திருடாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரைப் பிடித்து விசாரிப்பது?

ஒரு விஷயம். அந்தக் கெண்டியில் தண்ணீர் ஊற்றி வைக்காதே. பழைய வர்ணம், நாள்பட ஈரம் பட்டால் விட்டுவிடும். தண்ணீருக்குச் சில்வர் செம்பு போதும், படுத்துக் குடிக்க ஸ்ட்ரா போடு. கெண்டியை ஷோகேஸில் வைத்து நாலு பேர் பார்க்கும்படி பூட்டிவிடு. நான் பாத்திரக்காரன், சொன்னால் கேள்.

மாப்பிள்ளைக்கு உப்பைக் குறை.

அண்ணன் கரீம்

கிணத்துக்கடவு
4.8.2024

மச்சானுக்குத் தாரிக் எழுதுவது. ஸலாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதீர்கள், நீங்கள்தான் டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர். உறையை நன்றாக ஒட்டித்தான் யுஸ்ராவிடம் தபாலில் போடக் கொடுக்கிறேன்.

சீட்டைப் படித்தேன். "சீனாக்காரன் ஒயினைச் சூடு பண்ணி ஊத்துற கெண்டியாமுங்க மாப்ளே. உங்களுக்கு இல்லாம வேற யாருக்குங்க. இனி வெறும் கெண்டியை மோந்து பாத்துக்கிட்டுக் கெடங்க." மச்சான், உங்கள் கொழுப்பு உங்களைவிட்டுப் போகாது. சிரித்து முடித்ததும் அதை யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயம் வந்தது. எழுந்து போய்க் கிழித்துப் போட உடம்பில் தெம்பில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். நீங்கள் எழுதுகிற பேனா மை கசக்கிறது.

பிறகு இஸ்மத் அந்தக் கெண்டியில் ஆயத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மூக்கை வைத்துவிட்டாள். என்ன காரணம் சொல்லி மறுப்பேன்? அது என்ன கெண்டி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? உங்கள் கடிதம் வந்ததும் செம்புக்கு மாற்றினாள். ஸ்ட்ராவில் உறிஞ்ச எனக்கு மூச்சு வாங்கியது. "வர்ணம் போனாப் போகுதுங்க" என்று திரும்பவும் கெண்டிக்கே வந்துவிட்டாள்.

பதினொரு வருஷம் ஏலக்காயை மென்று மென்று வீட்டுக்குள் நுழைந்தேன். எனக்கு ஏலக்காய் என்றால் உயிர் என்று நினைத்து அவள் பாயசத்தில் இரண்டு பங்கு போடுவாள். ஏமாற்றியது போதாது என்று பாயசத்தையும் கெடுத்தேன்.

பைல் உங்களிடமே இருக்கட்டும். குடியால் போன ஈரல் என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. யுஸ்ரா இங்கிலீஷ் படிப்பாள். இஸ்மத்துக்குத் தெரியக் கூடாது. நான் இருக்கும்வரை என்று சொல்லவில்லை, அதற்குப் பிறகும். அவளுக்கு எழுதுகிற கடிதத்தில் "மாப்பிள்ளை கேட்ட சாமான் பத்திரம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்கிறேன்.

தாரிக்

கோட்டைமேடு
15.8.2024

தங்கச்சிக்கு, ஸலாம். மழை எட்டிப் பார்க்கிறது, என் முட்டிக்குத்தான் முதலில் தெரிகிறது.

அதிகம் எழுத நேரமில்லை. வருகிற வாரம் வருகிறேன். பஸ்ஸில் தூங்காமல் இருக்கப் பக்கத்து சீட்டு ஆளிடம் சண்டை போட்டுக்கொண்டே வருவதாக இருக்கிறேன்.

மாப்பிள்ளை கேட்ட சாமான் பத்திரம் என்று அவரிடம் சொல். யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன்.

கரீம்

கிணத்துக்கடவு
2.10.2024

அண்ணனுக்கு, ஸலாம்.

அவர் மௌத்தாகி இன்றோடு இருபத்தோரு நாள். அன்றைக்கு வந்தீர்கள், தூக்கினீர்கள், போய்விட்டீர்கள். அப்புறம் ஒரு வரிகூட இல்லை. உங்களிடமிருந்து கேலி இல்லாத கடிதம் வந்தாலும் பரவாயில்லை, அனுப்பியிருக்கலாம்.

நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். வெளியே போவதில்லை. வீட்டுக்குள் அவர் தொட்ட சாமானாக எடுத்து எடுத்துத் துடைக்கிறேன். நேற்று கெண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யுஸ்ரா அதைப் போட்டோ பிடித்துத் தன் கூட்டாளிகளுக்குப் போட்டாள். அதில் ஒரு பெண், இதைப் போனில் காட்டித் தேடிப் பார் என்று சொல்லியிருக்கிறாள். இவளும் தேடினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். "அம்மா, இது டீ கெண்டி இல்லீங்களாமா. டீ கெண்டின்னா மூக்கு தொடங்குற எடத்துல உள்ளாற சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குமாமா, எலை வராம. இதுல ஒரே ஓட்டை. இது ஒயின் ஊத்துறதுங்களாமா."

விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். ஒரே ஓட்டைதான்.

அண்ணா, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்? அல்லாஹ்வின் ஆயத்தைக் கழுவின தண்ணீரைச் சாராயக் கெண்டியில் ஊற்றி ஒரு மனுஷனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, நாற்பது நாள். கெண்டி வந்த பிறகுதான் அவருக்குக் கால் வீங்கியது. கெண்டி வந்த பிறகுதான் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஜென்மத்தில் அதைத் தொடாத மனுஷன் வாயில் அதன் மூக்கை வைத்து என் கையால் சாய்த்தேன். மருந்து மருந்தாக இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

அந்தக் கெண்டியில் தண்ணீர் ஊற்றாதே என்று ஜூலையில் எழுதினீர்கள். வர்ணம் போய்விடும் என்றீர்கள். வர்ணம் அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்கு அப்போதே தெரியுமா?

இஸ்மத்

கோட்டைமேடு
21.10.2024

அம்மணிக்கு, ஸலாம். பதில் எழுதத் தாமதம். நாலு தாள் கிழித்தேன்.

போன் என்ன பெரிய ஆலிமா? போன மாதம் எங்கள் கடைக்காரர் ஒருத்தர் விளையாட்டுக்கு என் போட்டோவைக் காட்டித் தேடினார். தேங்காய் நார் மெத்தை என்று வந்தது. கடை விலாசமும் காட்டியது. இதையா நம்பி அழுவாய்?

எனக்கு எதுவும் தெரியாது. பாத்திரக்காரன், வர்ணத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். நீ ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுக் கேள். கழுவின பாத்திரத்தில் என்ன குற்றம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கெண்டியை யுஸ்ரா காலேஜுக்கு வரும்போது கடையில் கொடுத்துவிடச் சொல். நானே உள்ளே பார்க்கிறேன். முப்பது வருஷமாகக் கோப்பையோடு புரள்கிற எனக்குத் தெரியாதது ஒரு போனுக்குத் தெரிந்துவிடுமா?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன் கரீம்

கிணத்துக்கடவு
30.10.2024

அண்ணனுக்கு, ஸலாம்.

ஹஜ்ரத் வாசலில் நின்று யுஸ்ராவிடம் சொல்லி அனுப்பினார். "கழுவுன பாத்திரம் சுத்தமுங்கம்மா. அதுல குத்தம் ஒண்ணுமில்லீங்க. அவரு ஆயுசு, ஹயாத்து அவ்வளவுதானுங்க, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க." மூன்று தடவை எழுதி வாங்கிப் படித்தேன். சட்டத்துக்கு அது சரி. என் கைக்குச் சட்டம் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தால் இந்தக் கைதானே சாய்த்தது என்று வருகிறது. தட்டைத் தள்ளிவிடுகிறேன். யுஸ்ரா ஊட்டிவிடுகிறாள். பத்தொன்பது வயதுப் பெண் காலேஜுக்குப் போவதற்கு முன்னால் தாய்க்கு ஊட்டிவிட்டுப் போகிறாள்.

தொழுகையில் மன்னிப்புக் கேட்கிறேன். யாரிடம் கேட்பது என்றுதான் குழப்பமாக இருக்கிறது. படைத்தவனிடமா, அவரிடமா?

கெண்டியை அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இஸ்மத்

கோட்டைமேடு
26.11.2024

இஸ்மத் கண்ணுக்கு, ஸலாம்.

திருப்பி அனுப்பாதே என்றாய், அனுப்புகிறேன். எடுத்த எடுப்பில் சந்தோஷமான சேதி: அது டீக் கெண்டிதான்!

நடந்தது இது. உள்ளே மூக்குத் துவாரத்தில் பல வருஷத்து டீக்கறை கல்லாக இறுகியிருந்தது. வினிகர் ஊற்றி எட்டு நாள் வைத்தேன். கறை விட்டதும் அடியில் சல்லடை தெரிந்தது. வெள்ளை வெளேரென்று ஏழு ஓட்டை. விளக்கைப் பிடித்து எண்ணிப் பார்த்துக்கொள். போன் சொன்ன இலக்கணத்தின்படியே இது டீ ஊற்றுகிற கெண்டி. பங்களா அம்மாள் தேயிலைத் தோட்டக்காரி, டீயை விட்டால் வேறு எதை ஊற்றுவாள்?

இனி அழக் கூடாது. யுஸ்ராவைப் படிக்க விடு, நீயே பிசைந்து சாப்பிடு.

சுடச்சுட எதுவும் ஊற்றாதே. பழைய சாமான்.

அண்ணன் கரீம்

கிணத்துக்கடவு
13.12.2024

அண்ணனுக்கு, ஸலாம்.

ஏழு ஓட்டையையும் எண்ணினேன். எண்ணிவிட்டு உட்கார்ந்து அழுதேன், நல்ல அழுகை. இரண்டு வாரம் என் கையாலேயே சாப்பிட்டேன். அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் அக்கா என்னைப் பார்க்க வந்தார்கள். டீக் கெண்டிதானே என்று அதிலேயே டீ போட்டேன். சுடச்சுட ஊற்றாதே என்று எழுதினீர்கள், ஆறின டீயை ஆளுக்குக் கொடுப்பார்களா? முதல் கிண்ணம் நன்றாக ஊற்றியது. இரண்டாவது கிண்ணத்தில் இலை இலையாக விழுந்தது. அக்கா கெண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளாற என்னமோ உருளுதுங்க" என்று கையைக் காட்டினார்கள். கவிழ்த்தேன். ஒரு வெள்ளை வில்லை வந்து விழுந்தது. தகரம். பெயிண்ட் அடித்தது. ஓரமெல்லாம் பசை. பின்பக்கம் பென்சிலால் "பாய், 7 ஓட்டை, அர்ஜெண்ட்" என்று எழுதியிருக்கிறது.

யுஸ்ரா அதைப் பார்த்துவிட்டு, "கணபதில பம்பு பட்டறை வெச்சிருக்கற அன்புமணி அண்ணன் கையெழுத்துங்கம்மா, மாமாவோட சிநேகிதருங்க. நம்ம மோட்டார் பில்லுலயும் இதே எழுத்துதானுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணா. பத்து மாதம் கழித்துச் சிரித்தேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

சிரித்து முடித்ததும் யோசித்தேன். ஒரு பொய்யைச் செய்து வாங்குவதற்குக் கணபதிக்குப் போய், தகரம் வெட்டி, ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்து ஒட்டியிருக்கிறீர்கள். கெண்டி காரணமில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. ஹஜ்ரத்துக்குக்கூட அவ்வளவு நிச்சயம் இல்லை. காரணம் இது இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டும் என்றால், காரணம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். ஆகஸ்டில் "மாப்பிள்ளை கேட்ட சாமான் பத்திரம்" என்று ஒரு வரி. நான் அவரிடம் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். அது என்ன சாமான்? காணாமல் போன பைலா?

அவர் ஈரல் எதனால் போனது? சல்லடை போடாமல் எழுதுங்கள்.

இஸ்மத்

கிணத்துக்கடவு
7.1.2025

அண்ணனுக்கு, ஸலாம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

பதில் வரவில்லை. தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். திரும்பவும் தட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டேன். பதினேழாம் தேதி இத்தா முடிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதாவிட்டால் நான் கிளம்பிக் கோட்டைமேட்டுக்கு வருவேன், கடை நடுவில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்பேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது.

இஸ்மத்

கிணத்துக்கடவு, உன் சமையலறை மேசை
20.1.2025, திங்கள், காலை

என் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் தங்கச்சி இஸ்மத்துக்கு அண்ணன் கரீம் எழுதுவது. ஸலாம். வாசலில் சொன்னேன், இப்போது எழுத்திலும் சொல்கிறேன். நீ சுகமில்லை என்பதைப் பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. பாதியாகிவிட்டாய்.

யுஸ்ரா காலேஜுக்குப் போகட்டும் என்று எதிர்க் கடையில் நின்றுகொண்டிருந்து பிறகுதான் வந்தேன். உனக்குக் காது கேட்டிருந்தால் இதை வாயால் சொல்லிவிட்டு ஓடியிருப்பேன். எழுதிக்கொண்டே உன் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ என் பேனாவைப் பார்க்கிறாய். "என்னங்கண்ணா, வீட்டுப்பாடமா?" என்கிறாய். ஆமாம் அம்மணி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதாமல் விட்ட வீட்டுப்பாடம்.

மாப்பிள்ளை குடித்தார்.

தேங்காய் லோடு இறக்கிவிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் குடிப்பார். பதினொரு வருஷம். எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். இரண்டு தடவை நிறுத்தினார், ஒரு தடவை எட்டு மாதம். டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். பைல் என் கடையில் வாடகைத் தட்டுப் பெட்டிக்குள் இருந்தது, இதோ கொண்டுவந்திருக்கிறேன். ஜனவரியிலேயே ஈரல் போய்விட்டது என்று அதில் தேதி போட்டு எழுதியிருக்கிறது. கெண்டி உன் வீட்டுக்கு வந்தது ஜூலையில். யுஸ்ராவைப் படிக்கச் சொல், அல்லது சொல்லாதே, அது உன் இஷ்டம்.

அது ஒயின் கெண்டிதான். வேலன் சொன்னார், தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்துதான் அனுப்பினேன். சாகக் கிடக்கிற மனுஷனைக் கேலி பண்ண ஒரு சீட்டும் எழுதிப் போட்டேன். அதில் நீ ஆயத்துத் தண்ணீர் ஊற்றுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்டோபரில் நீ கேட்டு எழுதினபோது தெரியாது என்றேன், அதுவும் பொய். உனக்குத் தெரியக் கூடாது என்று அவர் சத்தியம் கேட்டார், கொடுத்தேன். இப்போது உடைத்துவிட்டேன். சோற்றைத் தள்ளிவிட்டு நீ அவர் பின்னாலேயே போவதைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தியத்தை வைத்திருக்க என்னால் முடியவில்லை. மாப்ளே, மன்னிச்சுக்குங்க.

இதைத் திருப்பி உன் பக்கம் தள்ளுகிறேன்.

படித்துவிட்டாய். திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறாய். பேனாவைக் கேட்டு வாங்குகிறாய். கீழே நீ எழுதியது:

"அது என்ன கெண்டி என்று அவருக்குத் தெரியுமா?"

தெரியும். சீட்டில் எழுதியிருந்தேன்.

"நாற்பது நாளும் தெரிந்தே குடித்தாரா?"

தெரிந்தே குடித்தார். செம்புக்கு மாற்றினாயே, அதிலும் குடித்தார். பாத்திரம் எது என்று அவர் பார்க்கவில்லை. நீ சாய்த்தாய், குடித்தார்.

நீ எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். தட்டிப் பிரயோஜனமில்லை, உனக்குக் கேட்காது. அதனால் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வரும்போது படித்துக்கொள்.

பைலைப் பிரிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். வெங்காயம் மூன்று பாக்கி, நான் உரித்துவிட்டேன்.

எனக்கு டீ போட என்று அடுப்பில் பால் வைத்திருந்தாய். அடுப்புக்கு முதுகு காட்டி எழுதிக்கொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. பொங்கி, பர்னர் அணைந்து, மேடை நெடுக வழிந்துவிட்டது. கேஸை மூடினேன். துணி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, என் துண்டால் துடைத்தேன். அரை லிட்டரில் ஒரு டம்ளர் மிச்சம். அதில் ஒரு வெங்காயத் தோல் விழுந்தது, எடுத்துவிட்டேன்.

அண்ணன் கரீம்